சங்ககிரிக்குப் பக்கத்து விமான நிலையம்

சங்ககிரியிலிருந்து ஐரோப்பா போவதற்கு நான்கு விமான நிலையங்கள் இருக்கின்றன. நான்கும் வேறு வேறு ஊர்களில் இருக்கின்றன. பெங்களூர், சென்னை, கோயமுத்தூர், திருச்சி. இதில் எங்கே போய் ஏறுவது என்று முடிவு செய்ய என் கணவருக்கு ஒரு வருடம் பிடித்தது. எந்த ஊர்களைப் பார்ப்பது என்பதை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார். பாரிஸ், லூசர்ன், வெனிஸ்.

அவர் பெயர் தங்கவேல். லாரி வைத்திருக்கிறார். தெருவுக்குத் தெரு லாரி நிற்கும் சங்ககிரியில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எந்தச் சுங்கச்சாவடியில் எப்போது கூட்டம், எந்த மேட்டில் வண்டி திணறும், எங்கே டிரைவருக்குத் தூக்கம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விமானத்தையும் அப்படித்தான் யோசித்தார். சென்னை என்றால் உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் டிரைவருக்குக் கண் சொக்கும். திருச்சி என்றால் கொழும்பைச் சுற்ற வேண்டும். கோயமுத்தூர் கிட்டத்தில்தான், ஆனால் அரபு நாட்டில் இறங்கி உட்கார்ந்து வேறு விமானம் மாற வேண்டும். பெங்களூரில் ஏறினால் நேராகப் பாரிஸ், ஆனால் நடுவில் தொப்பூர் கணவாய். டயர் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், ஒன்றுவிட்ட மச்சினர் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. யோசனை சொல்ல அது தடையாகவும் இல்லை.

கடைசியில் பெங்களூர் என்று ஆயிற்று.

போவது மூன்று பேர். அவர், நான், நங்கை. எங்கள் பக்கம் கணவரின் அக்காவை நங்கை என்போம். இவர் பெயர் பாவாயி. நாமக்கல் பக்கம் மோகனூரில் கரும்புக்காடும் மகனுடைய கோழிப்பண்ணையும் இருக்கின்றன. ஒரு நாள் எங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, "பனியக் கையில தொட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். கேட்டதை அவர் மறந்துவிட்டார். தம்பி மறக்கவில்லை.

எனக்கும் நங்கைக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தார்ப்பாய் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க லாரி மேல் ஏறிய என் கணவர் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. மொத்தமாக ரத்து செய்துவிடலாம் என்றேன்.

"லோடு ஏத்துன வண்டிய எறக்கறதில்ல. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க," என்றார்.

"நீங்க இல்லாம எப்படிங்க? எனக்கு அங்க ஒண்ணுமே தெரியாதே."

"எனக்குத் தெரியும். நான் போன்ல இருக்கறேன், அம்மிணி."

அவருக்குத் தெரியும் என்பது உண்மைதான். அந்த ஒரு வருடமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மூன்று ஊர்களின் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். நடத்தியிருக்கிறேனே தவிர, யாரிடமும் பேசியதில்லை.

நாங்கள் கிளம்பிய அன்று ஊன்றுகோலோடு வாசல் வரை வந்தார். கார் ஓமலூர் தாண்டுவதற்குள் போன் வந்தது. தொப்பூரில் ஒன்று. கிருஷ்ணகிரியில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "எங்க இருக்கறீங்க?" லாரி டிரைவர்களிடம் கேட்கும் அதே குரல். டிரைவர்கள் சொல்வது போலவே நானும் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

பாரிஸில் முதல் நாள் மழை. மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டினால் திறந்து மூடும் கதவு நங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அவர் உள்ளே, முந்தானை நுனி வெளியே, நானும் வெளியே. போனில் என் கணவரைக் கேட்டேன். "டிக்கெட்ட இன்னொருக்கா காட்டு," என்றார். காட்டினேன். கதவு அசையவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஒரு கிழவர் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "அவசரமில்லை, அந்த அம்மா துணியை நெய்து முடிக்கட்டும் என்கிறார்." பிறகு அவளே தன் டிக்கெட்டைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டாள். நங்கை அவளுக்கு இடுப்புப் பையிலிருந்து ஒரு கடலை உருண்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள், பிறகு கடித்தாள், பிறகு இன்னொன்று கேட்டாள்.

ஈபிள் கோபுரத்தை எங்கே நின்று படம் எடுக்க வேண்டும் என்பதையும் சங்ககிரியிலிருந்துதான் சொன்னார். "இன்னும் நாலு எட்டு பொறகால போ. இன்னும் போ." போனேன். பலூன் விற்பவன் மேல் மோதினேன். நங்கை கோபுரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார்.

"மேட்டூர்ல இருந்து வர்ற கரண்டு டவராட்டம் இருக்குது. கம்பியத்தான் காணோம்."

இதை என் கணவரிடம் நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சோறு தேடி அலைந்தோம். ஒரு தெருவில் கடைப் பலகைகளெல்லாம் தமிழில் இருந்தன. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

"நீங்கள் எவ்விடத்தில இருந்து வாறியள், அம்மா?"

"சங்ககிரிங்க."

"அது எங்கை?"

"சேலத்துக்குப் பக்கமுங்க."

"சேலம் தெரியும். மாம்பழம்," என்றவர் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

வெளியே வந்ததும் நங்கை சொன்னார்: "அந்தத் தம்பி பேசறது பாதி புரியுது. நம்ம பேச்சு அவருக்கு அந்தப் பாதிகூடப் புரியலையாட்டம் இருக்குது." கிளம்பியதிலிருந்து அவர் என்னிடம் சொன்னதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

லூசர்ன் போகும் நாளில்தான் அது நடந்தது.

சுவிட்சர்லாந்து ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, வலது பக்கம் உட்கார்ந்தால்தான் ஏரி தெரியும் என்றார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் மாறினோம். மாறிவிட்டோமா என்று கேட்டார். மாறிவிட்டோம் என்றேன். ஜன்னல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். அப்போது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு. முதலில் ஜெர்மனில், பிறகு ஆங்கிலத்தில். ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் எனக்கு அது காதில் விழவில்லை.

ஒரு ஸ்டேஷனில் ரயில் நின்றது. லேசாக ஒரு ஆட்டம். பிறகு ரயிலின் முன்பாதி எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனது. சற்று நேரத்தில் நாங்கள் இருந்த பின்பாதி வேறு பக்கம் திரும்பியது. வலது பக்கம் ஏரி வரவில்லை. மலை வந்தது.

டிக்கெட் பரிசோதகர் எங்கள் டிக்கெட்டை நெடுநேரம் பார்த்தார். "லூசர்ன் முன்னால் போய்விட்டது, அம்மா. நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதில் குற்றம் சொல்லும் தொனி எதுவும் இல்லை. அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம், ஆனால் பாதையில் வேலை நடப்பதால் திரும்பும் ரயில் சாயங்காலம்தான் என்றார்.

இறங்கினோம். எங்களோடு வேறு யாரும் இறங்கவில்லை. ஸ்டேஷன் என்பது பூட்டிய ஓர் அறை. எதிரே புல் சரிவு. அதில் கழுத்தில் மணி கட்டிய நாலைந்து மாடுகள். ரோட்டோரம் ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. நங்கை மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. என் கணவர்தான். கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். வலது பக்கம் உட்காரச் சொன்னவரிடம், ரயிலின் வலது பக்கத்தில் இருந்தோம், தப்பான பாதியில் இருந்தோம் என்று எப்படிச் சொல்வது? கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? நங்கை கையை நீட்டிப் போனை வாங்கி, "சொல்லு சாமி," என்றார்.

"வந்துட்டமா அக்கா?" என்றது அவர் குரல்.

"வந்துட்டம் சாமி. நல்லா இருக்குது," என்றார் நங்கை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். குரல் துளிகூடப் பிசகவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு. அம்மிணியும் கேக்கட்டும்."

போட்டோம்.

"ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா எடது கைப் பக்கம் ஆறு தெரியும். தெரியுதா?"

"தெரியுது," என்றார் நங்கை, மாடுகளைப் பார்த்தபடி.

"ஆத்துக்குக் குறுக்கால ஒரு மரப்பாலம். ஓட்டுக் கூரை போட்டிருப்பான். நேராப் போகாது, நடுவுல வளையும். ஓரத்துல பூச்சட்டி வெச்சிருப்பான், செவப்புப் பூவு. உள்ள போனா தலைக்கு மேல அண்ணாந்து பாருங்க. கூரைச் சாய்வுக்குத் தகுந்தாப்புல முக்கோணமா படம் இருக்கும். பழைய காலத்துப் படம். ஒருக்கா தீப்புடிச்சுப் பாதிப் படம் கருகிப் போச்சு. கருகுன எடத்த அப்படியே உட்டிருக்கான். அந்த எடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க. பக்கத்துல தண்ணிக்குள்ளயே ஒரு கல் கோபுரம், எட்டுப் பட்டை. அன்னம் இருக்கும், வெள்ளையா. அக்கா, மரத்துல கைய வெச்சுப் பாரு. வழுவழுன்னு இருக்கும்."

நங்கை பெஞ்சின் மரத்தின் மேல் கையை வைத்தார்.

"வழுவழுன்னுதான் இருக்குது," என்றார்.

"நான் சொன்னேனல்ல," என்றார் அவர். "சரி, பாருங்க. நான் வெக்கறேன்."

வைத்துவிட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்காத முதல் அழைப்பு அது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. பாலத்தின் மேல் நடந்தது போலவே இருந்தது எனக்கு. இவ்வளவு பேசுவார் என்றே எனக்குத் தெரியாது. வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறது என்பதைக்கூட இன்னொரு கரண்டி கேட்டுத்தான் தெரிவிப்பார்.

"சின்னதுல இருந்தே இவனுக்கு ஊரு பாக்கோணும்னு ஆசை," என்றார் நங்கை. "லாரி வாங்குனதே அதுக்குத்தான். தானே ஓட்டிட்டு காஷ்மீரு வரைக்கும் போறேம்பான். வாங்குன பொறகு வண்டியெல்லாம் ஊர் ஊராப் போச்சு. இவன் ஆபீஸ்ல உக்காந்துட்டான்."

இத்தனை வருடம் அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. போனில் கேட்கும் அந்த "எங்க இருக்கறீங்க" எனக்கு அதட்டலாகத்தான் பட்டிருந்தது.

பசித்தது. ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஒரு வீட்டு வேலியோரம் மரப்பெட்டியில் முட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆள் யாரும் இல்லை. நாமக்கல் பக்கத்துப் பெண்ணுக்கு ஐரோப்பாவில் முதன்முதலாகத் தெரிந்த பொருள் எதிர்ப்பட்டது. நங்கை ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல முட்டைதான். காசப் போட்டுட்டு எடுத்துக்கலாங்க, நங்கை," என்றேன்.

"ஆளு இல்லாத கடைல எப்படி வாங்கறது? எடுத்துட்டுப் போனா நம்மளத் திருடின்னு சொல்ல மாட்டாங்களா?" என்று அங்கேயே நின்றார். நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து அவர் வயதிலேயே ஒரு அம்மா வெளியே வந்தார். எங்களையும் சேலைகளையும் பெட்டிகளையும் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் புரிந்துகொள்ளவில்லை. நங்கை தமிழில் சொன்னது புரிந்தது. வயிற்றைத் தொட்டு, முட்டையைக் காட்டி, "வேக வெச்சுக் குடு சாமி," என்றார்.

அந்த அம்மா வாசலிலேயே மேஜை போட்டு அவித்த முட்டையும் ரொட்டியும் வைத்தார். நங்கை தன் பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்து முட்டை மேல் தூவி அவருக்கும் ஒன்று கொடுத்தார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. காரம்தான். இரண்டாவது முட்டைக்கும் பொடிக்காகக் கையை நீட்டினார். பிறகு கொட்டகைக்குக் கூட்டிப்போய்த் தன் கோழிகளைக் காட்டினார். பத்து விரலையும் விரித்து, பிறகு இரண்டு விரல். பன்னிரண்டு கோழிகள். உங்களிடம் எத்தனை என்று சைகையில் கேட்டார். நங்கை தன் கையைப் பார்த்தார். மகனுடைய பண்ணையில் முப்பதாயிரம். விரலால் காட்ட வழியில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் பன்னிரண்டே காட்டினார். அந்த அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரே நாளில் இரண்டாவது பொய். ரயிலுக்கு நடக்கும்போது இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொண்டோம்.

மறுநாள் லூசர்னில் பாலத்தைப் பார்த்தோம். அவர் சொன்னபடியே இருந்தது. கருகிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கேபிள் காரில் ஏறி மலைக்குப் போய் நங்கை பனியைத் தொட்டார். ஒரு பிடி எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "ஃப்ரிட்ஜுல கட்டியிருக்கறதாட்டமேதான் இருக்குது," என்றார். ஆனால் கையைத் துடைத்துக்கொள்ள மனமில்லாமல் ஈரத்தோடே கீழே வந்தார். நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

வெனிஸில் பஸ்ஸுக்குப் பதில் படகு. எல்லாத் தெருவிலும் தண்ணீர். "மோகனூர்ல காவேரி தெருவுக்குள்ள வந்தா நாங்க ஊட்டக் காலி பண்ணுவோம். இவிங்க டிக்கெட் போடறாங்க," என்றார் நங்கை. தப்பான படகில் ஏறி ஒரு கல்லறைத் தீவில் போய் இறங்கினோம். போன் வந்தது. "பாத்துட்டே இருக்கறம் சாமி, அமைதியா இருக்குது," என்றார் நங்கை. அது பொய்யில்லை.

திரும்பும் நாளில் வெனிஸ் விமான நிலையத்தில் வேலைநிறுத்தம். எங்கள் விமானம் பலகையிலிருந்தே காணாமல் போயிருந்தது. நெடுநேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெங்களூருக்கு இரண்டு நாள் ஆகும். சென்னைக்கு நாளை இடம் இருக்கிறது. கோயமுத்தூருக்கும் நாளை இருக்கிறது, ஆனால் வளைகுடாவில் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு எது வேண்டும்?" என்றாள்.

என் கணவர் ஒரு வருடம் யோசித்த கேள்வி. எனக்குப் பின்னால் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். போன் செய்தேன். எடுக்கவில்லை. காலை எக்ஸ்ரே எடுக்க ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று காலையில் சொல்லியிருந்தார். மறுபடியும் அடித்தேன். கவுண்டர் பெண் பேனாவால் மேஜையைத் தட்டினாள்.

"தொப்பூர் இல்லாம இருந்தா..." என்று நான் ஆரம்பித்தேன். "உளுந்தூர்ப்பேட்டைல டிரைவருக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும். எந்த ஊருன்னா அவன் கூட்டிப் போக வர முடியும்?" என்றார் நங்கை.

ஒரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மாவுக்கட்டோடு அவரால் காரில் உட்கார்ந்து வர முடியுமென்றால், அது கிட்டத்தில் இருக்கும் ஒரே ஊருக்குத்தான்.

"கோயமுத்தூர்," என்றேன். என் வாழ்நாளில் ஆங்கிலத்தில் நான் தயங்காமல் பேசிய ஒரே இடம் அது. ஊர்ப் பெயர்தான் என்றாலும்.

வளைகுடாவில் நாற்காலிகளை இணைத்துப் போட்டு நங்கை நன்றாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை. பொய் சொன்னதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோயமுத்தூரில் வெளியே வந்தபோது ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கம்பித் தடுப்பை ஒட்டி நின்றிருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டார்.

"கோயமுத்தூர் பரவாயில்ல. வண்டி நிறுத்தத் தோது," என்றார்.

காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின் சீட்டில் காலை நீட்டி அக்காவின் மடியில் வைத்துக்கொண்டார். அவிநாசி வரை டிரைவர்தான் பேசினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஏனுங்க, அன்னைக்கு நீங்க லூசர்னைப் பத்திப் போன்ல சொன்னீங்களே. நாங்க அப்ப அங்க இல்லீங்க."

"தெரியும்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உன்ற போன் எங்க இருக்குதுன்னு என்ற போன்ல தெரியும், அம்மிணி. வண்டிகளுக்குப் பாக்கற மாதிரிதான். நீ கெளம்பறதுக்கு முன்னாடியே போட்டு வெச்சேன். ரயில் வேற பக்கம் திரும்புனதையும் பாத்துட்டேதான் இருந்தேன்."

"தெரிஞ்சுதான் அவ்வளவும் சொன்னியா?" என்றார் நங்கை.

"பின்ன? பாலத்துமேல நிக்கறவங்களுக்கு எதுக்குச் சொல்றது? போகாதவங்களுக்குத்தானே சொல்லோணும்."

கார் பெருந்துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. நங்கை அவர் மாவுக்கட்டின் மேல் கையை வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் ரோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு என் கணவர், நாங்கள் இறங்கிய அந்த மலை ஊரின் பெயரைச் சொன்னார். நாங்கள் பலகையில் பார்த்தும் வாசிக்க முடியாத பெயர். அவர் சொன்னதும் தப்பாகத்தான் இருக்கும்.

"அந்த ஊரைப் பத்தி ஒரு வீடியோகூட இல்ல. நானும் தேடாத எடமில்ல. மேப்புல பாத்தா பச்சையா இருக்குது, ஒரு கோடு போகுது, அவ்வளவுதான். அங்க சாயங்காலம் வரைக்கும் இருந்தீங்களே, அப்படி என்னதான் இருக்குது?"

நானும் நங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டவர் தலையைச் சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு பெஞ்சு இருந்துதுங்க," என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பக்கம் பாத்து?" என்று கேட்டார்.